பத்தால் வகுக்கப்பட்ட மாமா

மார்ச் 2

என் அக்கா பெற்றெடுத்த அறிவுக் களஞ்சியமே,

உட்காரத் தெரிந்த மனித குலம் முழுவதற்கும் மடக்கு நாற்காலி செய்து கொடுத்துக் களைத்துப்போன உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. உன் கிளியரிங் ஆபீஸ் அனுப்பிய அழைப்பு கிடைத்தது. 'புதிய கஸ்டம்ஸ் விதிகளுக்குச் சிறு தொழில்களைத் தயார்ப்படுத்தும் கூட்டம். அனைவரும் தவறாமல் வரவும்.' தவறாமல்! அதன் மேல் குத்தியிருந்த முத்திரை எவ்வளவு பெரியது தெரியுமா? தபால்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

நான் வரமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் வரலாற்றில் பதியட்டும் என்று எழுதுகிறேன். நாலு வருடம் என் பட்டறை ஆபீஸில் உட்கார்ந்து வேலை கற்றாய். போன வருடம் எல்லை ஊருக்கு, சரக்கு லாரிகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட்டுக் கொடுக்கும் அந்தக் கிளியரிங் ஆபீஸுக்குப் போனாய். போகட்டும், பறக்கத் தெரிந்தது பறக்கும். ஆனால் போகிற போக்கில், வார்னிஷ் அடிப்பவர்கள் வரை அத்தனை பேர் முன்னாலும் என்ன சொன்னாய்? "எங்க மாமா எது சொன்னாலும் பத்தால வகுத்துக்கோங்க. மிச்சம் வர்றதுதான் உண்மை."

அன்றிலிருந்து இந்தத் தெருவில் என் நிலைமை என்ன தெரியுமா? பட்டறைக்குப் பத்து டீ சொன்னால் ஒரு டீ வருகிறது.

அந்த வார்த்தையை நீ திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை உன் போனை எடுப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன். கடிதம் எழுதுவது சபதத்தில் சேராது. சபதத்தில் போன் என்று மட்டும்தான் இருக்கிறது. எல்லைக்குப் போகும் லாரி டிரைவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

உன் அத்தை மட்டும் கூட்டத்துக்கு வருகிறாளாம். நான் தடுக்கவில்லை. தடுத்துப் பார்த்தேன், அதனால்தான் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
யாராலும் வகுபடாத
உன் மாமா


மார்ச் 7

மாமாவுக்கு,

கூட்டம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் தெருவிலிருந்து நீங்கள் ஒருவர்தான் வரவில்லை. பிரஷ் கம்பெனிக்காரர் எழுந்து, "ஏம்மா, ஒரு பிரஷ்ல எத்தன முடி இருக்குன்னு கூட எண்ணி எழுதணுமா?" என்று கேட்டார். "வேணாம் சார், பிரஷ்ஷ எண்ணுனா போதும்" என்றேன். உங்களுக்காக ஒரு நாற்காலி காலியாக விட்டிருந்தோம். அத்தை அதில் தன் கைப்பையை வைத்துக்கொண்டார். உருப்படியான கேள்விகள் எல்லாம் அத்தை கேட்டவைதான்.

நீங்கள் வராததால் சுருக்கமாக எழுதுகிறேன். இதுவரை லாரி எல்லைக்கு வந்த பிறகு காகிதம் காட்டினோம். கூடக் குறைய இருந்தால் அங்கேயே பேசித் தீர்த்தோம். இனி அது நடக்காது. லாரி கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்: என்ன சரக்கு, எத்தனை, என்ன எடை, மரம் எங்கே விளைந்தது. எல்லையில் லாரியையும் முன்னறிவிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் லாரி டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் கஸ்டம்ஸ் யார்டில் ஓரம் கட்டிவிடுவார்கள்.

உங்கள் முதல் லாரிக்கு நானே முன்னறிவிப்புக் கொடுக்கிறேன். விவரத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து சரக்கை 'சிம்மாசனம்' என்று எழுதாதீர்கள். போன முறை பில்லில் நீங்கள் அப்படி எழுதியதால், அரண்மனைச் சாமானா என்று கஸ்டம்ஸில் கேட்டதற்கு நான்தான் பதில் சொன்னேன். மடக்கு நாற்காலி, மரம். அவ்வளவுதான்.

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க மாட்டேன். நீங்கள் போனை எடுங்கள். இரண்டில் எது சுலபம் என்று யோசியுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

கம்ப்யூட்டரையும் கஸ்டம்ஸையும் ஒரே கையால் ஆட்டிப் படைக்கும் மருமகளே,

கேட்டாய், சொல்கிறேன். உட்கார்ந்து படி.

சரக்கு: மடக்கு நாற்காலி, மரம். இந்த மூன்று வார்த்தையை இவ்வளவு சுருக்கமாக எழுதியதில் எனக்கு ஜுரமே வந்துவிட்டது. மரம் நம் ஊர் மில்லில் அறுத்தது, இந்த நாட்டில் விளைந்தது. மடக்கும் இடத்தில் உள்ள போல்ட் மட்டும் வெளிநாடு.

எத்தனை? ஆயிரத்து இருநூறு. மூச்சைப் பிடித்துக்கொள், திரும்பவும் சொல்கிறேன்: ஆயிரத்து இருநூறு! பட்டறைக்குள் இடம் போதாமல் நாற்காலிகள் தெருவுக்கு வந்து, தெருவும் போதாமல் ஆகாயத்தை நோக்கி அடுக்கப்பட்டு, உச்சியில் உள்ள நாற்காலியில் நிலா வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மரத்தூள் மலையில் உன் அத்தை காணாமல் போய், தும்மல் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். எடை ஆறு டன். வழக்கமான வேன் காணாது என்று பெரிய லாரி பேசியிருக்கிறேன். அதன் தலை எல்லையைத் தொடும்போது வால் நம் பட்டறை வாசலைத் தாண்டியிருக்காது.

வாங்குபவர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஹால்களுக்கு நாற்காலி போடும் அதே அம்மாதான். வழக்கமாக நூற்றிருபது எடுப்பார். இப்போது சொந்தமாக ஒரு ஹால் கட்டியிருக்கிறார். ஒரு கோடியில் இருமினால் மறு கோடியில் மறுநாள்தான் கேட்குமாம். மார்ச் 29 திறப்பு. ஜனவரியிலேயே ஆர்டர் வந்துவிட்டது. உன்மேல் கோபம், அதனால் சொல்லவில்லை. தெருவே கூடி வேலை செய்தது. கண்ணாடிச் சட்டம் போடுபவர் தன் ரம்பத்தையே கொடுத்தார்.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனி அந்த அம்மாவின் வாசலிலேயே குடியிருக்கிறது. "சரக்கு நேரத்துக்கு வந்தா இனிமே எல்லா ஹாலுக்கும் உங்க நாற்காலிதான். ஹால் திறக்கிற அன்னிக்கு ஆளுங்களை நிக்க வெச்சீங்கன்னா அதோட முடிஞ்சது" என்று அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் பட்டறையில் எனக்கு வேறு பெரிய ஆளில்லை. ரம்பம் ஓடாது.

எண்ணிக்கை சரிதான். என் மீசைமேல், நான் செய்த அத்தனை நாற்காலிகளின் கால்கள்மேல், இன்னும் செய்யப்போகும் நாற்காலிகளின் கால்கள்மேலும் ஆணை!

இப்படிக்கு,
ஆயிரத்து இருநூறு இருக்கைகளின் அதிபதி


மார்ச் 18

மாமாவுக்கு,

கடிதத்தில் இருந்த நிலாவையும் மரத்தூளையும் தட்டிவிட்டு, மீதியைப் பதிவு செய்து முன்னறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது. ஆயிரத்து இருநூறு! ஆபீஸே சிரித்தது, நானும் ரசித்தேன். அந்த அம்மாவின் வழக்கமான லோடுதானே, எனக்குத் தெரியாதா?

இதனுடன் உள்ள சீட்டில் ஒரு பதிவு எண் மட்டும் இருக்கும். டிரைவர் எல்லையில் அதைச் சொன்னால் போதும். இங்கே புது விதி வந்த முதல் வாரத்திலேயே யார்டு நிறைய லாரிகள் நிற்கின்றன. தயாராகாமல் வந்தவர்கள் எல்லோரும் இப்போதுதான் எங்கள் ஆபீஸைத் தேடுகிறார்கள். உங்கள் லாரி அவர்கள் எல்லோரையும் தாண்டிப் போவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாதீர்கள். இது என் வேலை.

உங்கள் மருமகள்


மார்ச் 22

ரசிகையே,

நீ ரசித்ததாகவும், உன் ஆபீஸே பெருமை தாங்காமல் சிரித்ததாகவும் எழுதியதை வார்னிஷ் அடிப்பவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வார்னிஷ் நெடி என்று சொன்னார், நான் நம்பவில்லை.

லாரி இன்று கிளம்புகிறது. ஏற்றி முடித்து, கடைசி நாற்காலியைத் திணித்துக் கதவைச் சாத்த எட்டுப் பேர் முதுகைக் கொடுத்தோம். உன் அத்தை, "எதுக்கும் ஒரு போன் போட்டு அவகிட்ட நேரா சொல்லிடுங்களேன்" என்றாள். "என் மருமகளுக்கு ஒரு தடவை சொன்னா கல்லுல வெட்டுன மாதிரி" என்று மார்தட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்த
உன் மாமா


மார்ச் 24

மாமா,

லாரி யார்டில் நிற்கிறது. அத்தையிடம் போனில் சொல்லிவிட்டேன். முழு விவரத்தையும் உங்களுக்கு நானே எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் நூற்றிருபது என்று போட்டேன். எடை அறுநூறு கிலோ.

நீங்கள் ஆயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தீர்கள், இரண்டு முறை. ஆணை வேறு இட்டிருந்தீர்கள். அந்த ஆணையைப் பார்த்ததும்தான், சரி, வழக்கம்போல ஒரு சைபரைச் சேர்த்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். பத்தால் வகுத்தால் வழக்கமான லோடு அச்சாக வந்து நின்றது. சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

சொன்னபடி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எடை மேடையில் லாரி ஏறியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷினில்தான் கோளாறு என்று கஸ்டம்ஸ் மேடமிடம் வாதாடினேன். கதவைத் திறந்தார்கள். தரையிலிருந்து கூரை வரை நாற்காலி. அப்போதுகூட, முன்வரிசைக்குப் பின்னால் காலியாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன், மாமா.

திருத்தம் கொடுக்கலாம். ஆனால் தவறு யாருடையது, ஏன் நடந்தது என்று காரணம் எழுத வேண்டும். எங்கள் முதலாளி, "வியாபாரி தப்பாச் சொல்லிட்டார்னு ஒரு வரி எழுது, முடிஞ்சது. மாமாதானே, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்" என்கிறார். அப்படி எழுதினால் உங்கள் பட்டறையின் பெயருக்கு நேராகக் குறி விழும். ஒரு வருடத்துக்கு உங்கள் லாரி ஒவ்வொன்றையும் பிரித்துக் கொட்டி எண்ணுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா காத்திருப்பாரா? என் தவறு என்று எழுதினால் முன்னறிவிப்புக் கொடுக்க எனக்கிருக்கும் அங்கீகாரம் என்னாகும் என்று தெரியவில்லை. இத்தனை ஊருக்குப் போய், 'உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்' என்று மைக்கில் பேசியவள் நான்.

ஹால் திறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மன்னியுங்கள்.


மார்ச் 25

என் தங்கமே,

அழுதாயா? உன் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அழாதே. மாமன் இருக்கும்போது மருமகள் அழுதால் எல்லை ஊரே வெள்ளத்தில் மிதக்கும், அப்புறம் லாரிக்குப் படகு பிடிக்க வேண்டும்.

உன் முதலாளி சொன்னபடியே எழுது. 'மாமா பொய் சொன்னார்.' மூன்றே வார்த்தை. சாட்சி தேட வேண்டாம். இந்தத் தெருவில் யாரை நிறுத்தினாலும் சத்தியம் செய்வார்கள், பிரஷ்காரர் காசு வாங்காமலே செய்வார். என் பெயரை நீ கெடுத்துவிடுவாய் என்று பயப்படுகிறாயா? உன்னால் முடியாது. அதற்கு நானே ஆயுள் முழுக்கப் பாடுபட்டிருக்கிறேன், இனி கெடுக்க அதில் இடமில்லை.

லாரியைப் பிரிப்பார்களாம். பிரிக்கட்டும்! நல்ல நாற்காலியில் உட்காரும் பாக்கியம் கஸ்டம்ஸுக்கும் கிடைக்கட்டும். அந்த அம்மா போனால் போகிறார். நான் வேறு ஏதாவது செய்துகொள்கிறேன். ஸ்டூல் செய்கிறேன். ஸ்டூலுக்கு முதுகு கூடக் கிடையாது, பாதி வேலை மிச்சம்.

வேடிக்கையை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். நாற்காலி போனால் வேறு நாற்காலி செய்யலாம். உன் அங்கீகாரம் நீ படித்து வாங்கியது. அதை எனக்காக இழக்காதே.

உன் மாமா

(சபதத்தை உடைத்துவிட்டு நேற்று முழுக்க உனக்குப் போன் போட்டேன். இப்போது நீ எடுக்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்?)


மார்ச் 29

மாமா,

போன் யார்டு வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் எடுக்கவில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது நான் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டிருந்தேன். இப்படி எழுதினேன்: 'வியாபாரி சரியான எண்ணிக்கையையும் எடையையும் எழுத்தில் தந்தார். அவர் என் தாய்மாமன். எதையும் பெரிதுபடுத்திச் சொல்லும் பழக்கம் உள்ளவர் என்பதால், அவரிடம் திரும்பக் கேட்காமல் நானே பத்தால் வகுத்தேன். அவர் சொன்னது உண்மை. தவறு முழுவதும் என்னுடையது.' ஆதாரமாக உங்கள் கடிதத்தையும் வைத்தேன்.

கஸ்டம்ஸ் மேடம் அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று பிடிபடவே இல்லை.

"இந்த நிலா உக்காந்தது, அத்தை காணாமப் போனது... இதுல எதும்மா உண்மை?"

"எண்ணிக்கை மட்டும்தான் மேடம்."

"எடை?"

"எடையும் உண்மை மேடம்."

"போல்ட்?"

"போல்ட்டும்... மேடம், சரக்கைப் பத்தி எழுதுனது எல்லாமே உண்மை. சரக்கைத் தாண்டினாத்தான் அவர் கைமீறிப் போவார்."

"எண்ணிப் பாத்துருவோம்" என்றார். எல்லாவற்றையும் இறக்கினார்கள். மடக்கியபடி எண்ண முடியவில்லை, விரித்து வரிசையாகப் போட்டார்கள். புது விதியால் பல நாளாக நின்று நின்று கால் வீங்கிப்போன டிரைவர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யார்டு ஏதோ மாநாடு மாதிரி ஆகிவிட்டது. எண்ணிக்கொண்டு வந்த ஆள், "எந்திரிங்கய்யா, எண்ண வேணாமா?" என்று கத்தினார். "எங்களையும் சேத்து எண்ணுங்க, கணக்கு ஒண்ணுதான்" என்றார் ஒரு டிரைவர். மேடமே கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு முறை சாய்ந்து பார்த்து, "கிரீச்சுன்னு ஒரு சத்தம்கூட வரல" என்றார்.

ஆயிரத்து இருநூறு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பெயர்மேல் எந்தக் குறியும் இல்லை. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. ஆறு மாதத்துக்கு நான் கொடுக்கும் ஒவ்வொரு முன்னறிவிப்பையும் இன்னொருவர் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அங்கீகாரம் தப்பித்தது. முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "அடுத்த கூட்டத்துல இந்தக் கதையவே சொல்லு, ஒருத்தனும் தூங்க மாட்டான்" என்றார். சொல்லப்போகிறேன். என் தவறாகத்தான் சொல்வேன்.

லாரி நேற்று எல்லையைத் தாண்டியது. அந்த அம்மா இன்று காலை போன் செய்தார். ஹால் நிறைந்துவிட்டதாம், யாரும் நிற்கவில்லையாம். "அடுத்த ஆர்டரையும் உங்க மாமாவுக்கே சொல்லிடறேன், ஆனா இந்தத் தடவை எண்ணிக்கையை நானே உனக்கும் சொல்லிடறேன்மா" என்றார்.

அன்றைக்கு வார்னிஷ்காரர்கள் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சரக்கு விஷயத்தில் மட்டும்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 4

கஸ்டம்ஸ் வாயாலேயே என்னை உண்மை விளம்பி என்று சொல்ல வைத்த வீராங்கனையே,

'அவர் சொன்னது உண்மை.' அரசாங்கத்தில் கொடுத்து, அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, முத்திரையும் குத்தியாகிவிட்டது! என் கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. (இந்தக் கடிதத்தை அத்தையிடம் காட்டாதே.) தெருவில் ஒவ்வொரு பட்டறையாக ஏறிச் சொன்னேன். கண்ணாடிச் சட்டக்காரர் கைகுலுக்கினார். பத்து டீ சொன்னேன், பத்து டீ வந்தது. பட்டறையில் அன்று ஆறு பேர்தான். மிச்சத்தை நானே குடித்தேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. எல்லோரும் நான் சொல்வதை நம்புகிறார்கள்! இப்படி ஒரு தொல்லை உண்டென்று எனக்கு யாருமே சொல்லவில்லையே. 'பசியில் ஒரு மூட்டை அரிசியைத் தின்பேன்' என்றால் உன் அத்தை பெரிய பாத்திரத்தை இறக்குகிறாள். பிரஷ்காரரிடம், 'என் பட்டறையில் ஒரு ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இல்லாத இடமா?' என்று பேச்சுக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் சாமானோடு வந்து நிற்கிறார். நல்ல மனுஷன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ராஜ மிதப்பில் உன் அத்தையிடம், "எனக்காக அந்தப் பொண்ணு தன் வேலையையே பணயம் வெச்சுது. நான் எல்லை ஊர் வரைக்கும் நடந்தே போய் அவளப் பாத்துட்டு வருவேன்" என்றேன். முன்பெல்லாம் இப்படிச் சொன்னால், 'போதும், சாப்பிட வாங்க' என்பாள். நேற்று நேராக உள்ளே போனாள். இன்று விடிந்ததும் வாசலில் என் செருப்பு, ஒரு பை, பைக்குள் ஒரு சட்டை, தண்ணீர் பாட்டில். "வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க" என்றாள். தெருவே வாசலில் நின்று கையசைத்தது. நான் என்ன செய்ய?

இதை நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெஞ்சு ஆடுகிறது. நம் நாற்காலியாக இருந்தால் ஆடாது. இதுவரை நடந்தது மலை, காடு, பாலைவனம் என்று எழுத ஆசைதான். ஆனால் திரும்பிப் பார்த்தால் நம் மர மில்லின் புகைபோக்கி இன்னும் தெரிகிறது. எல்லை பஸ் வந்து நிற்கிறது, கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஏறப்போகிறேன். இந்தக் கடிதத்தை நானே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து உன் கையில் கொடுப்பேன்.

படித்து முடித்ததும் ஒரு உதவி செய். உன் அத்தைக்குப் போன் போட்டு, மாமா நடந்தே வந்து சேர்ந்தார் என்று சொல். மற்றதையெல்லாம் நம்பினாலும், இதற்கு மட்டும் நான் சொன்னால் ஆதாரம் கேட்பாள். நீ சொன்னால் அப்படியே நம்புவாள்.

இப்படிக்கு,
உன் ஆபீஸ் வாசலில் நிற்கும்
மாமா